எமலிங்கம் தாண்டியதும் ஒரு டீக்கடை

மகளிர் தினம் வந்தால் போதும், திருவண்ணாமலையில் யாராவது ஒருவர் என்னை மேடைக்கு இழுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம், ஊழியர் சங்கம், ஒருமுறை பாத்திரக்கடைத் திறப்பு விழா. எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: "மேடம், நீங்க ஏன் பிரசவ டாக்டர் ஆனீங்க?"

இதற்கு என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. படித்தவர்கள் கூட்டமென்றால் தாய்மையின் மகத்துவம். பெண்கள் மட்டும் என்றால் "நம்ம கஷ்டம் நமக்குத்தானே தெரியும்". சாப்பாட்டு நேரம் தாண்டிப்போய், கூட்டம் நெளிய ஆரம்பித்துவிட்டால் மட்டும் வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவேன். கட்டைவிரலுக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு. "வலியில் துடித்த ஒரு தாய் என் கையை இறுகப் பிடித்தபோது, அவளுடைய வளைகாப்பு வளையல் உடைந்து குத்திய தழும்பு இது. அன்றே முடிவு செய்தேன்" என்பேன். கைதட்டல் அடங்க நேரமாகும். பல வருடம் இப்படியே ஓட்டினேன். மூன்றுமே பொய். மூன்றாவதுதான் பெரிய பொய், ஏனென்றால் அதில் தழும்பு மட்டும் நிஜம்.

உண்மையில் நான் ஆசைப்பட்டது கண் மருத்துவம். காரணம் காபி. ஹவுஸ் சர்ஜனாக வார்டு வார்டாகச் சுற்றிய வருடத்தில், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலேயே காபியைச் சூடாகக் குடித்து நான் பார்த்த ஒரே ஆள் கண் டாக்டர்தான். நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் அலறமாட்டார்கள். ஒரு இருட்டறை, ஒரு சின்ன டார்ச், "மேல பாருங்க, கீழ பாருங்க", அவ்வளவுதான். பிரசவ வார்டிலோ காபி ஆறி, ஆடை படிந்து, அதில் ஓர் ஈயும் விழுந்து கிடக்கும். அதைக் கொட்டுவதற்குக்கூட ஆள் இருக்காது.

அந்த வார்டில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இருபது பிரசவம் பார்த்ததாக லாக் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் பார்த்தது நான்கு. அந்த நான்கிலும் குழந்தையைப் பிடித்தது நர்ஸ். நான் அவருக்குப் பின்னால் நின்று கையுறை போட்டுக்கொண்டிருந்தேன். மீதிப் பதினாறும் தோழிகளின் நோட்டைப் பார்த்து எழுதியவை. பதிலுக்கு அவர்களுக்குக் கண் வார்டு கேஸ்களை எழுதிக் கொடுத்தேன். நான்தான் கண் டாக்டர் ஆகப்போகிறேனே, இதனால் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்த சமயம் அது. நான் ஊருக்கு வந்து, மேற்படிப்புக்கான நுழைவுத்தேர்வை எழுதிவிட்டுக் காத்திருந்தேன். அதுவரை சும்மா இருப்பானேன் என்று, ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இன்று அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அங்கே பெரிய டாக்டரம்மா ஒருவர்; அவரை விட்டால் பெண் டாக்டர் நான்தான். போன முதல் நாளே கர்ப்பிணிகளைப் பார்க்கும் அறையில் என்னை உட்காரவைத்தார். "நான் வந்து... கண்ணுக்குத்தான்..." என்று இழுத்தேன். "சீட்டு கெடைக்கட்டும், அப்ப பாக்கலாம். உக்காரு" என்றார். வீட்டில் அம்மாவின் கவலை வேறு. "பொம்பளப் புள்ள டாக்டருக்குப் படிச்சிட்டு கண்ணுல சொட்டு மருந்து வுடப் போறேன்றாளே, ஊர்ல கேட்டா இன்னான்னு சொல்றது?" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி புலம்புவாள்.

அந்த அறையில் நான் செய்தது கொஞ்சம்தான். எடை பார்ப்பேன், ரத்த அழுத்தம் பார்ப்பேன், சத்து மாத்திரை எழுதுவேன். கடைசியாக எல்லாருக்கும் ஒரே வாசகம்: "நல்லா நடங்கம்மா. நடந்தாத்தான் சுகப் பிரசவம்." எங்கோ காதில் விழுந்ததுதான். சொல்லும்போது இருநூறு பிரசவம் பார்த்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். எங்கே நடப்பது, எவ்வளவு தூரம் என்று நான் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை. இந்த ஊர்க்காரியாக இருந்துகொண்டு, இங்கே ஒருவரை நடக்கச் சொன்னால் அவர்கள் எங்கே போய் நடப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

என்னிடம் வந்தவர்களில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் உண்டு. பெண்ணுக்கு இருபது வயது, தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, செங்கம் பக்கத்து மாமியார் வீட்டிலிருந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கி இருந்ததால் நாடி பார்க்க மணிக்கட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பேச்செல்லாம் அம்மாவுடையது. "எந்தக் குறையும் இல்லாம பெத்து அனுப்பணும் டாக்டரம்மா. தலைப்பிரசவம் எங்க பொறுப்பு. சம்பந்தி வீட்டுல வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்பாள். பெண் ஒன்றும் பேசமாட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு உள்ளூரக் கூச்சமாக இருக்கும்.

தேர்வு முடிவு வந்தது. சுமாரான இடம். கண் மருத்துவம் கிடைக்கலாம், கைநழுவியும் போகலாம். விஞ்ஞானம் படித்த நான் உடனே செய்ய வேண்டியதைச் செய்தேன்: அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். ஒன்பது ஞாயிற்றுக்கிழமை மலையைச் சுற்றுகிறேன், கண் சீட்டை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடு. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் உடற்பயிற்சி என்றேன். செருப்பு இல்லாமல் ஏன் என்றவர்களிடம் பாதத்தில் ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்றேன்.

அது ஏழாவது ஞாயிறு. வெளுக்கும்போதே கிளம்பிவிட்டேன். அந்தக் காலத்தில் சாதாரண ஞாயிற்றுக்கிழமை காலையில் மலை சுற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிய பிறகு நானும் புளியமரங்களும்தான். நன்றாக வெயில் ஏறியபோது, மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்க சன்னதிகளில் மூன்றாவதான எமலிங்கத்தை நெருங்கினேன். அங்கே ஒரு பெண் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். முகம் தெரிவதற்கு முன்னால் வளையல்கள் தெரிந்தன.

"பாரு, டாக்டரம்மாவே வந்துட்டாங்க!" என்று அவளுடைய அம்மா ஓடி வந்தாள். "நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்துக்கினு இருக்கோம். வெட்டியா வயக்காட்டுல நடக்கறதுக்கு, மலைய சுத்துனா புண்ணியமாவது சேரும்னு கூட்டியாந்தேன். ராத்திரி புடிச்சி இடுப்பு வலின்றா. சூட்டு வலியா இருக்கும்னு சீரகத் தண்ணி குடுத்து, முதல் பஸ்ஸுல ஏத்திக்கினு வந்தேன்."

அது சூட்டு வலி இல்லை என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு நான் படித்திருந்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்பது, தோழியின் நோட்டிலிருந்து எழுதிய பாகத்தில் இருந்தது. சைக்கிளில் பால் கேனோடு வந்த ஒருவரை நிறுத்தி, டவுனுக்குப் போய் ஏதாவது வண்டி அனுப்பச் சொன்னேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வைத்தியம் அதுதான்.

"வண்டி வர்ற வரைக்கும் இங்கயே உக்காருங்க" என்றேன்.

"இங்கயா? எமன் சன்னதியிலயா?" அம்மா பதறிவிட்டாள். "பக்கத்துல சுடுகாடு வேற. வேணாம் டாக்டரம்மா, அடுத்தாப்ல இருக்கற நிருதிலிங்கம் வரைக்கும் போயிடலாம்."

அப்போதுதான் அந்தப் பெண் முதன்முதலாக என்னிடம் பேசினாள். "இங்க வேணாங்க. நான் நடக்கறேன்."

ஒழுங்கான டாக்டராக இருந்தால் அதட்டி உட்காரவைத்திருப்பார். நான் "சரி" என்றேன். எமனுக்கு அவர்கள் பயந்தார்கள். குழந்தைக்கு நான் பயந்தேன். நடக்கிற வரைக்கும் பிரசவம் ஆகாது என்று மூன்று பேரும் மனதார நம்பிக்கொண்டு நடந்தோம். வலி வரும்போது அவள் நிற்பாள், நாங்களும் நிற்போம். நடுவில் நான் மலையைப் பார்த்து, கண் சீட்டுகூட வேண்டாம் சாமி, வண்டியை அனுப்பிவிடு என்று பேரத்தை மாற்றிக்கொண்டேன்.

நிருதிலிங்கம் வரை போக முடியவில்லை. ரோட்டை விட்டு மலைப் பாதை திரும்புகிற இடத்தில், கீற்றுக் கொட்டகையில் ஒரு டீக்கடை இருந்தது. ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். எங்களை ஒரு பார்வைதான் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை "எழுந்து போங்கய்யா" என்று விரட்டிவிட்டு, பின்னால் தட்டி மறைப்பில் பாயை விரித்தாள்.

"நான் டாக்டர்" என்றேன்.

"நல்லதாப் போச்சு, வாங்க" என்று வழி விட்டாள்.

மண்டியிட்டுப் பார்த்தேன். குழந்தையின் தலை தெரிந்தது. என் கை நடுங்க ஆரம்பித்தது. லேசான நடுக்கம் இல்லை, காற்றில் துணிக்கொடி ஆடுகிற மாதிரி ஆடியது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று "வெந்நீர் வையுங்க" என்றேன். அவள் விடியற்காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த பாய்லரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என் கைகளைப் பார்த்தாள்.

"நீங்க தலமாட்டுல போய் குந்துங்க. புள்ளக்கி தைரியம் சொல்லுங்க" என்று என் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

போய்க் குந்தினேன். அதற்குப் பிறகு எல்லாம் அந்த அம்மாள்தான். "இப்ப முக்காத. வாயால மூச்சு வுடு. ஆங், இப்ப தள்ளு." குரல் உயரவே இல்லை. கொதிக்கிற பாலைப் பொங்கவிடாமல் இறக்குகிற மாதிரி, ஒரு கையால் கீழே தாங்கி, அவசரப்படாமல் குழந்தையை இறக்கினாள். புது பிளேடையும் நூலையும் பாய்லர் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்து, கொடியைக் கட்டி அறுத்தாள். நச்சுக்கொடி விழுந்த பிறகு, "வயித்த நல்லா தேச்சி வுடுங்க, ரத்தம் நிக்கும்" என்று எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான் அது. அவள் சொன்ன பிறகே ஞாபகம் வந்தது. பெண் குழந்தை. கொட்டகையே கிழிகிற மாதிரி கத்தியது.

என் உள்ளங்கையில் ரத்தம் வழிவதை அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பெண்ணின் இடது கை வளையல்கள் பாதிக்கு மேல் உடைந்து பாயில் சிதறிக் கிடந்தன. அவளுடைய அம்மா துண்டுகளை அவசரமாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் வளைகாப்பு வளையலைப் பிரசவம் முடிந்ததும் கழற்றி, பிரசவம் பார்த்தவளுக்குக் கொடுப்பது வழக்கம். வலது கையில் முழுதாக மிஞ்சியிருந்தவற்றைக் கழற்றி அம்மா டீக்கடை அம்மாளிடம் நீட்டினாள். நான் பக்கத்திலேயேதான் நின்றேன். எனக்குக் கொடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பால்காரர் அனுப்பிய வேன் வேர்க்கடலை மூட்டைகளோடு வந்து சேர்ந்தது. மூட்டைகளை ஓரம் தள்ளி, தாயையும் குழந்தையையும் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெரிய டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தலைப்பிரசவம். ஒரு கிழிசல் இல்ல, தையல் போட வேலையே இல்ல. டீக்கடையில வச்சு நீயா பாத்த? எனக்கே இவ்வளவு சுத்தமா வந்திருக்காது!"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பாராட்டு என்பது பசி நேரத்தில் வைத்த சோறு மாதிரி. கை தானாகப் போய்விடுகிறது. வாயை மூடிக்கொண்டேன். அவர் என் உள்ளங்கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, "வலியில புடிச்சிட்டாளா?" என்றார். தலையாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. அந்தப் பெண்ணும் அம்மாவும் பக்கத்திலேதான் இருந்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லாததைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் என் அறையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "மலை சுத்தற வழியில பிரசவம் பாத்தாங்களே, அந்த டாக்டரம்மா வேணும்." கதை அதற்குள் கை கால் முளைத்து வளர்ந்திருந்தது. எந்த நாளில் எந்த இடத்தில் வலி வரும் என்று முன்பே கணித்து, நான் அங்கே போய்க் காத்துக்கொண்டிருந்தேனாம். ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகக் கேட்டாள்: "ஆம்பளப் புள்ளக்கி எந்த லிங்கம் வரைக்கும் நடக்கணும்?" அன்றிலிருந்து "நடங்க" என்ற சொல்லையே விட்டுவிட்டேன். "வீட்டு வாசல்ல, கெணத்தடி வரைக்கும், அவ்வளவுதான்" என்று அளந்து சொல்வேன். அதைக் கேட்டு அவர்கள் புரிந்துகொண்ட மாதிரி சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

பிறகு மெட்ராஸில் சீட்டுக் கொடுக்கும் நாள் வந்தது. என் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஆப்தமாலஜி ஒண்ணு இருக்கு" என்றார். நான் கேட்ட கண் சீட்டை அண்ணாமலையார் எடுத்து வைத்திருந்தார். பாதியில் நின்ற ஏழாவது சுற்றை மறுபடி நடந்து, ஒன்பதையும் நான் சரியாக முடித்திருந்தேன். அப்புறம், "ஓ.ஜி. இருக்கு" என்று பிரசவத் துறையையும் சேர்த்துச் சொன்னார். என் வாய் ஓ.ஜி. என்றது. வெளியே வந்து மரத்தடியில் நின்று, சூடான காபிக்காக ஐந்து நிமிடம் அழுதேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. தாய்மையும் இல்லை, சேவையும் இல்லை. பாதி பொறாமை. டீ ஆற்றுகிற ஓர் அம்மாளின் கைக்குத் தெரிந்தது, ஐந்தரை வருடம் படித்த என் கைக்குத் தெரியவில்லையே என்று தூக்கம் வராமல் புரண்டேன். மீதிப் பாதி பயம். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, என்னை நம்பி நடந்து வருகிற ஒருத்திக்கு முன்னால் மறுபடியும் அப்படி நடுங்கிக்கொண்டு மண்டியிட என்னால் முடியாது. பொய்யை ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லாதவள், அதை நிஜமாக்குவதற்காகப் படிக்கப் போனேன். மற்ற டாக்டர்கள் இந்தத் துறைக்கு எதற்காக வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நல்ல காரணங்களுக்காகத்தான் வருவார்கள் என்று நம்புகிறேன்.

படித்தேன். இந்த முறை லாக் புக்கில் எழுதியதெல்லாம் என் கையால் பார்த்தவை. படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பியதும் முதலில் அந்த டீக்கடைக்குத்தான் போனேன். ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள், கொட்டகை இல்லை. அந்த அம்மாள் எங்கே போனாள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கண் டாக்டர். தினமும் காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து காபியைச் சூடாகக் குடிக்கிறார். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் வீடும் சின்னதாக நர்சிங் ஹோமும் கட்டினோம். ஆஸ்பத்திரி அறைச் சுவரில், நான் மேடையில் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டும் புகைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தேன். வெட்கமே இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள், முகம் வெளுத்துப்போன ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். இரண்டு வருடமாக அதிக உதிரப்போக்கு. ஸ்கேனில் கர்ப்பப்பையில் பெரிய கட்டி. முதலில் ரத்தம் ஏற்றி, பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளை வெளியே உட்காரச் சொல்லி அனுப்பினாள்.

"அந்தக் கதைய நான் கேட்டிருக்கேன் டாக்டரம்மா. எம்பொண்ணு ஸ்கூல்ல நீங்க பேசினீங்க. கடைசி வரிசையில உக்காந்திருந்தேன்" என்றாள். பிறகு இடது கை வளையலை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் இரண்டு வெள்ளைக் கோடுகள், பழைய கீறல்கள். "நான் உங்க கைய புடிச்சிருந்தா, என் வளையல் உங்க உள்ளங்கையில எப்படிங்க குத்தும்?"

இத்தனை வருடம், எத்தனையோ மேடை, எவ்வளவோ கூட்டம். ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

"நீங்கதான் என்ன புடிச்சீங்க" என்றாள். "கை அந்த ஆட்டம் ஆடிச்சு. வளையல் நொறுங்கற அளவுக்குப் புடிச்சீங்க. விடவே இல்ல."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "அன்னிக்கே ஏன் சொல்லல? நான்தான் பாத்தேன்னு ஊரெல்லாம்..."

"ஊரெல்லாம் சொன்னது எங்கம்மாதான்." அவள் சிரித்தாள். "தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்புனா, டீக்கடையில பெத்துக்கினு வந்துச்சுன்னு என் மாமியார் இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டியிருக்கும். அதான் டாக்டரம்மா கூடவே வந்து பாத்தாங்கன்னு சொல்லிடுச்சி. நீங்களும் தலையாட்டிட்டீங்க. எங்களுக்குப் பெரிய உபகாரம்."

என் பெயரும் புகழும் ஒரு சம்பந்தியம்மாளின் வாயை அடைக்கக் கட்டிய கதை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிரிக்கவும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை. "இவ்வளவு தெரிஞ்சும் ஆபரேஷனுக்கு ஏன் எங்கிட்ட வந்தீங்க? ஊர்ல எத்தனை டாக்டர் இருக்காங்க?"

"அவங்க எல்லாம் உள்ள எப்படின்னு எனக்குத் தெரியாதே. உங்கள எனக்குத் தெரியும்" என்றாள். "பயமா இருக்குது டாக்டரம்மா. எனக்கு ஒண்ணுன்னா எம்பொண்ணுக்கு யாரும் இல்ல. அவங்கப்பா போயி மூணு வருஷம் ஆச்சு" என்றாள்.

ரத்தம் ஏற்றி, பத்து நாள் கழித்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம். மகள் கூடவே இருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறாள். டாக்டராகும் எண்ணம் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டுவைத்தேன். "அய்யோ, ரத்தம்னாலே ஆகாது. காமர்ஸ் எடுத்திருக்கேன்" என்றாள். டீக்கடையில் பிறந்த பிள்ளை வியாபாரப் படிப்புக்குப் போவதுதானே நியாயம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அவள் எட்டாம் நாள் வீட்டுக்குப் போனாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல நினைப்பது அதற்கு முந்தின ஐந்து நிமிடம். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். நர்ஸ் வளையல்களைக் கழற்றச் சொன்னாள். கைக்கு ஆறாகப் பச்சைக் கண்ணாடி வளையல்கள்; கணவர் இறந்த பிறகும் அவள் விடாமல் போட்டிருந்தவை. கழற்றி, வாங்கிக்கொள்ளக் கை நீட்டிய மகளிடம் கொடுக்காமல் நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, கையக் குடுங்க."

வலது கையைக் கொடுத்தேன். அவள் அதைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள்தான் ஜில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் எதையோ எதிர்பார்க்கிற மாதிரி அப்படியே பிடித்திருந்தாள். பிறகு என் உள்ளங்கையைத் திருப்பி, தழும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இப்ப நடுங்கல" என்றாள்.

"இல்ல" என்றேன்.

நெஞ்சில் இருந்த வளையல்களை எடுத்து அந்தத் தழும்பின் மேல் வைத்து, என் விரல்களை மூடினாள். "இது உங்களுக்கு. அன்னிக்கு அந்த அம்மாவுக்குக் குடுத்துட்டோம்."

"ஆபரேஷனுக்கெல்லாம் வளையல் குடுக்கற வழக்கம் இல்லையே" என்றேன்.

"வழக்கம் இல்லதான். போங்க, போய் வேலயப் பாருங்க."

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வளையல்களை என் பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அன்று குழாயடியில் எனக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.